எண்ணெய் போட்ட கை

கருங்குன்றின் உச்சியில் ஒரு வாட்கூடம் இருந்தது. கீழே உள்ள ஊர்களில் அதைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் உலவின. பாதிக்கு மேல் புளுகு. ஆனால் ஒன்று மட்டும் நிஜம். அங்கே யாரும் தன் வாளுக்குத் தானே எண்ணெய் போடுவதில்லை.

அந்த மலையின் இரும்புக்கு ஒரு குணம் உண்டு. எண்ணெயோடு சேர்த்து, எண்ணெய் போடுகிறவர் மனதில் இருப்பதையும் குடித்துவிடும். மனம் நேராக இருந்தால் வாள் சொன்ன பேச்சைக் கேட்கும். கோணலாக இருந்தால், சுழற்றுகிறவன் மேலேயே திரும்பும். அங்கே பழகுவதோ சுருள்வாள். ஆள் உயரத்துக்கு நாடாபோல நெளியும் அந்த வாள் திரும்பினால் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஓர் இணை உண்டு. வருட முடிவில் களத்தில் எதிரே நின்று வாள் சுழற்றப்போகிறவன்தான் இணை. காலைப் பயிற்சி முடிந்ததும் தன் வாளை இணையிடம் கொடுத்துவிட்டு, அவன் வாளை வாங்கிக்கொள்ள வேண்டும். துடைத்து, எண்ணெய் போட்டு, மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டும். வருட முடிவு வரை ஒருவர் வீச்சை மற்றவர் பார்க்கக் கூடாது. சுவர் வைத்த தனித்தனி வட்டங்களில்தான் பயிற்சி.

இதையெல்லாம் கேட்டதும் பலர் மூட்டையைக்கூடப் பிரிக்காமல் இறங்கிப் போய்விடுவார்கள். கொற்றன் போகவில்லை. போவதற்கு அவனுக்கு வேறு இடமில்லை.

கொற்றனுக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு வருடம் அரசரின் மெய்க்காவலர் தலைவனாக இருந்தவன். அரசர் சாப்பிடும் எதுவும் முதலில் அவன் நாக்கைத் தொட்ட பிறகுதான் தட்டுக்குப் போகும். வடகரை நாட்டிலிருந்து மூன்று முறை கொலையாளிகள் வந்தார்கள். மூன்று முறையும் வாசலிலேயே பிடித்தான். கடைசியில் அரசர் இருமலில் செத்துப்போனார்.

மூன்று மாதம் இருமினார். பார்க்க வந்த இரண்டு வைத்தியர்களையும், பையில் பெயர் தெரியாத பொடி இருக்கிறது என்று கொற்றன்தான் விரட்டினான்.

பட்டத்துக்கு வந்த இளவரசி அவனைக் கூப்பிட்டாள். கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"எங்கப்பாவ நீங்க எல்லார்கிட்டேருந்தும் காப்பாத்துனீங்க. வைத்தியர்கிட்டேருந்தும் காப்பாத்திட்டீங்க" என்றாள். "கருங்குன்று மோதிரத்தோட திரும்பி வாங்க. அது இல்லாம இந்த வாசலுக்கு வர வேண்டாம்."

அந்த மோதிரம் லேசில் கிடைக்காது. வருடம் முடியும் நாளில் இணைகள் இருவரும் ஒரே வட்டத்துக்குள் ஒரு நாழிகை நேரம் வாள் சுழற்ற வேண்டும். யார் உடம்பிலும் ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது. வந்தால் இரண்டு பேருக்குமே மோதிரம் இல்லை.

கொற்றனுக்கு அமைந்த இணையின் பெயர் தாமன். முப்பத்தைந்து வயது. உப்பு வண்டி ஓட்டியவன். ஊர் எது என்று கேட்டான் கொற்றன்.

"வடகரைங்கண்ணே" என்றான் தாமன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

கொற்றனுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

*

சந்தேகப்படுவது கொற்றனுக்குத் தொழில். தொழிலை அவன் ஒழுங்காகச் செய்தான்.

தாமன் எப்போதும் தன் வாளைக் கழுவிவிட்டுத்தான் கொடுத்தான். மற்றவர்கள் வியர்வையும் மண்ணுமாக அப்படியே கொடுக்கும்போது இவன் மட்டும் சுனையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவருவான். எதைக் கழுவுகிறான்?

இரண்டாம் மாதத்திலிருந்து இடது தோள் முதல் மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தான். பங்குனி வெயிலில் பாறையே கொதிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. வடகரைப் படைக்காரர்களுக்கு இடது தோளில் சூட்டுக்குறி இருக்கும் என்பது கொற்றனுக்குத் தெரியும். அவன் பிடித்த மூன்று பேருக்கும் இருந்தது. உப்பு வண்டிக்காரனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் கொற்றன் தன் கடமையில் குறை வைக்கவில்லை. தாமனின் வாளை மூன்று முறை துடைப்பான். புன்னை எண்ணெயை ஓர் இடம் விடாமல் தடவுவான். தடவும்போது யோசிப்பான். இவனை யார் அனுப்பியிருப்பார்கள்? என்னை முடித்துவிட்டு இளவரசியிடம் போகப் பார்க்கிறானா? அவனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று கொற்றன் ஒருநாளும் நினைத்ததில்லை. எச்சரிக்கையாக இருந்தான், அவ்வளவுதான். எச்சரிக்கை எப்படிக் கோணலாகும்?

நான்காம் மாதம் ஆசானிடம் போனான்.

ஆசான் பெயர் எயினி. கொற்றனைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அது எப்படிப் போயிற்று என்று கேட்டால், "கவனிக்காமப் போச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்போது கம்பங்கூழை முன்னால் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, என் வாள்ல அந்த வடகரைக்காரன் ஏதோ பண்றான்."

"வாள் உங்க மேல திரும்புச்சா கொற்றரே?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதுதான் சந்தேகமா இருக்கு. இவ்வளவு நல்லா யாருக்காவது சுத்துமா? நம்ப வைக்கிறான். நாள் பாக்குறான்."

ஆசான் கூழ்ச்சட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சம் ருசி பாத்துக் கொடுங்க."

கொற்றனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முகர்ந்தான். நுனி நாக்கில் வைத்தான். ஒரு வாய் விழுங்கி, நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஈக்கள் வந்துவிட்டன.

"தாராளமாச் சாப்பிடலாம்" என்றான்.

"உப்பு போதுமா?"

கொற்றன் விழித்தான். "அத நான் பாக்கலியே."

"உங்க அரசருக்கு என்ன பிடிக்கும்?"

இருபத்திரண்டு வருடம். கொற்றன் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒரு பண்டத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. ஆசான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழைக் குடித்தார். கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் அனுப்பிவிட்டாரே, இவரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று எண்ணியபடி கொற்றன் எழுந்து போனான்.

*

ஒன்பதாம் மாதம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தான்.

உச்சிவெயில் நேரம். சுனைக்குப் பின்னால் பாறை நிழலில் தாமன் உட்கார்ந்து கொற்றனின் வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. கொற்றன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையின் மறுபக்கம் ஒட்டி நின்றான்.

தாமன் வாளோடு பேசிக்கொண்டிருந்தான். வண்டிமாட்டோடு பேசுகிற அதே குரல்.

"மெதுவாடா ராசா. நாளைக்குப் பாத்துப் போகணும். பெரியவருக்கு மொழங்கால் வலி. இடது கால ஊன மாட்டேங்கறாரு. நீ பாட்டுக்குச் சட்டுனு இழுத்துறாத, என்ன?"

பெரியவர் என்று அவன் சொன்னது கொற்றனைத்தான். முழங்கால் வலி வந்து நான்கு நாள் ஆகிறது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. நொண்டாமல் நடக்க என்ன பாடு பட்டிருக்கிறான்! நேராக ஆசானிடம் ஓடினான். வலியோடுதான் ஓடினான்.

"என் பலவீனத்தை வேவு பாக்குறான் ஆசானே! எந்தக் கால்ல அடிக்கணும்னு வாளுக்கே சொல்லிக் கொடுக்குறான்!"

"உங்களுக்கு முழங்கால் வலியா? எனக்குத் தெரியாதே."

"ஒருத்தருக்கும் தெரியாது. அதத்தானே சொல்றேன்!"

ஆசான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாமனுக்கு எங்க வலி?"

"அவனுக்கு என்ன வலி? எருது மாதிரி இருக்கான்."

ஆசான் உள்ளே போய் ஒரு துணியில் வறுத்த உப்பைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒத்தடம் கொடுங்க, குறையும்" என்றார்.

கொற்றன் அதை வாங்கிக்கொண்டான். அறைக்குப் போய், கதவைச் சாத்தி, முடிச்சை அவிழ்த்து உப்புதானா என்று நக்கிப் பார்த்தான். உப்புதான்.

*

வருடம் முடியும் நாள் வந்தது.

காலையில் எல்லோரும் பெரிய வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொற்றன் முந்தின நாள் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தாமன் நாள் பார்த்தது இன்றைக்குத்தான். மாதக்கணக்காக நேராகச் சுழன்ற வாள் இன்றைக்குத் திரும்பும். நான் விழுவேன். இவன் மலையிறங்கி, இளவரசியின் வாசலில் போய் நிற்பான். தடுக்க அங்கே யாரும் இல்லை.

நினைக்க நினைக்க அவனுக்குத் தன்னைப் பற்றிய பயம் போய்விட்டது. இளவரசியைப் பற்றிய பயம்தான் மிஞ்சியது. அந்தப் பெண் தவழ்ந்த காலத்திலிருந்து அவளுக்குக் காவல் நின்றவன் அவன்.

ஆசான் கூப்பிட்டதும் வட்டத்துக்குள் வந்தான். தாமனும் வந்தான். நாழிகைச் சட்டியில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"மாற்று கேக்குறேன்" என்றான் கொற்றன்.

மாற்று என்றால், இணையை நம்பவில்லை, வாள்களை மாற்றிக் கொடுங்கள் என்று எல்லோர் எதிரிலும் சொல்வது. அவரவர் எண்ணெய் போட்ட வாளை அவரவரே சுழற்ற வேண்டும். யார் வாள் திரும்புகிறதோ அவர் மனம் கோணல். அவர் பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏற முடியாது. இருபது வருடமாக அங்கே யாரும் மாற்று கேட்டதில்லை.

"நல்லா யோசிச்சுட்டீங்களா கொற்றரே?" என்று கேட்டார் ஆசான்.

"யோசிச்சுட்டேன். இந்த மலையில நான் நம்பற வாள் ஒண்ணே ஒண்ணுதான். நான் எண்ணெய் போட்டது."

தாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அண்ணே, அது வேண்டாம்ணே... அந்த வாளு..."

"பாருங்க! பயப்படுறான்!" என்று கத்தினான் கொற்றன்.

ஆசான் கையைக் காட்டினார். வாள்கள் கைமாறின.

கொற்றன் தாமனின் வாளைப் பிரித்துச் சுழற்றினான். முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாம் சுற்றில் வாள் கொஞ்சம் தயங்கியது. மூன்றாவதில் தலைக்கு மேலே போனது, அப்படியே அவனைத் திரும்பிப் பார்த்தது. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. கழுத்தைச் சாய்த்து விலகினான். அவன் பழைய காவலன் என்பதால் உயிர் தப்பியது. வாள் காதைக் கிழித்துக்கொண்டு போய் மண்ணில் விழுந்தது.

கன்னத்தில் ரத்தம் சூடாக வழிந்தது. ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. காற்றைச் சீராகக் கிழிக்கும் சத்தம்.

எதிரே தாமன் கொற்றனின் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நடந்ததை அவன் இன்னும் பார்க்கவில்லை. வாள் அவனைச் சுற்றித் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணே, ஒங்க வாளு எம்புட்டுச் சொகமாச் சுத்துது!" என்றான். "இப்படிக்கூடச் சுத்துமாண்ணே?"

அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தான். வாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான், துணி எதுவும் அகப்படவில்லை. இடது கையில் சுற்றியிருந்ததை மளமளவென்று உருவிக் கொற்றனின் காதில் வைத்து அழுத்தினான்.

கொற்றன் அந்தத் தோளைப் பார்த்தான். வருடம் முழுக்கப் பார்க்கத் துடித்த தோள். சூட்டுக்குறி எதுவும் அங்கே இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெட்டுகள். வெளுத்துப்போனவை, பக்குக் கட்டியவை, நேற்றைக்கு விழுந்து இன்னும் சிவப்பாக இருந்த ஒன்று.

கொற்றன் எத்தனையோ காயங்களைப் பார்த்தவன். எந்தக் காயம் எந்த வாளால், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவனால் சொல்ல முடியும். இவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. சொந்தக் கையில் இருந்த வாள் திரும்பி விழுந்தவை.

"எப்போலேருந்து?" என்றான்.

"மொத மாசத்துலேருந்தே கொஞ்சம் முட்டத்தான் செஞ்சிச்சு."

"கழுவிக் கொடுத்தது..."

"ரத்தத்தோடவா ஒங்க கையில குடுக்கறது?"

"ஏண்டா சொல்லல?"

தாமன் காதிலிருந்து கையை எடுக்காமலே யோசித்தான். "முட்டுதுன்னு மாட்ட ஒடனே வித்துப்புட முடியுமாண்ணே? புது எடம், புது ஆளு. பழகட்டும்னு இருந்தேன்."

கொற்றனுக்கு அழுகை வந்தது. அரசர் இறந்த அன்றுகூட அவன் அழவில்லை. அன்று அழுவதற்கு நேரமில்லை, வாசலில் யார் யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பிற்பகலில் கொற்றன் மூட்டை கட்டினான். பெரிய மூட்டை ஒன்றுமில்லை. மோதிரம் இல்லாமல் இறங்கிப் போகும் வழியில் எந்த ஊரிலும் அவனைத் தெரிந்தவர்கள் கிடையாது. ஆசானிடம் சொல்லிக்கொள்ளப் போனான். அவர் வெயிலில் உலர்த்திய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா ஆசானே?"

"தெரியும். அவன் வட்டத்துல நின்னு பாக்கறது நான்தானே. இணைய மாத்தித் தரட்டுமான்னு மூணு தடவ கேட்டேன். வேண்டாம்னுட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா யாரச் சந்தேகப்பட்டிருப்பீங்க?"

கொற்றன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். முதலில் தாமனை. வேண்டுமென்றே வெட்டிக்கொண்டு நடிக்கிறான் என்று. அடுத்து ஆசானை. இருவருக்கும் ஏதோ உடன்பாடு என்று. அதற்கு ஆதாரம்கூடத் தேடி வைத்திருப்பான். அவன் தலை குனிந்தான்.

"வரேன் ஆசானே."

"இருங்க. மாற்று கேட்டுத் தோத்தவர் இங்க இருக்கறதுக்கு ஒரு வழி உண்டு. எதிராளி தன் வாள மறுபடியும் அவர் கையிலேயே கொடுக்கணும். கொடுத்தா இருக்கலாம். அடுத்த வருஷம் வட்டத்துக்கு வரலாம்."

"யாராவது கொடுத்திருக்காங்களா?"

"நான் பாத்ததில்ல."

வாசலில் நிழல் தட்டியது. தாமன் நின்றிருந்தான். இடது கை துணி சுற்றாமல் கிடந்தது. மற்றொரு கையில் சுருட்டிய வாளும் எண்ணெய்க் கிண்ணமும் இருந்தன. சுனையில் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தான். வாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்த முறை அவன் கழுவியது கொற்றனின் ரத்தம்.

"பொழுது எறங்குது அண்ணே. ஈரத்தோட வச்சா துருப்பிடிச்சிரும்" என்று சொல்லி, இரண்டையும் கொற்றனின் கைகளில் வைத்தான். ஆசானைப் பார்த்துக் கும்பிட்டான். கூழ் காய்ச்ச வேண்டிய முறை தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கொற்றன் வாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாளைக் காலையில் அந்த மனிதன் இதைத்தான் தலைக்கு மேலே சுழற்றுவான். மூட்டை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அதை அவன் எடுக்கவில்லை. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஆசானே," என்றான் மெதுவாக, "இதுல அவனுக்கு என்ன லாபம்?"

கேட்ட மறுகணமே வெட்கத்தில் காதுகள் கொதித்தன. கிழிந்த காது இன்னும் அதிகமாக எரிந்தது.

ஆசான் கோபப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நானும் ஒரு வருஷமா அதத்தான் தேடிட்டிருக்கேன் கொற்றரே. எண்ணெய் போடும்போது யோசிச்சுப் பாருங்க. கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."